பெட்டியில் வராத கப்பல்கள்



புனே கடலைக் காணாத நகரம். மேற்கே சஹ்யாத்திரி மலைத்தொடர் மதில்போல் நின்று, கொங்கணக் கரையையும் தக்காண மேட்டு நிலத்தையும் பிரித்து வைத்திருக்கிறது. இங்குள்ளோர் அன்றாடம் காணும் நீர்ப்பரப்பெல்லாம் ஊருக்குள் ஓடும் ஆறுகளும், அணைகளில் தேங்கிய ஏரிகளுமே. கடக்வாஸ்லா ஏரியில், 1955ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பெற்ற தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் மாணவர்கள் பாய் விரித்து ஓடம் பழகுவதுண்டு. அதற்கு மேல் கடலை இங்கே எதிர்பார்ப்பதற்கில்லை. அப்படியிருந்தும், இந்நகரத்து வீடுகள் சிலவற்றில் கண்ணாடிப் பேழைக்குள் மூன்று பாய்மரங்களோடு ஒரு பழங்காலப் போர்க்கப்பல் வீற்றிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். பீரங்கிகள் இருமருங்கும் வரிசையாகத் தலைநீட்டும். கயிறுகள் சிலந்தி வலைபோல் பின்னிக் கிடக்கும். அத்தனையும் பிளாஸ்டிக்காலும் நூலாலும் ஆனவை. வீட்டுக்குரியவர் அதைக் காட்டும்போது, தம் பிள்ளையின் பரிசுக் கோப்பையைக் காட்டும் பெருமிதம் அவர் முகத்தில் தெரியும்.

இப்பொழுதுபோக்கைப் பற்றியே இன்று நாம் பேச விரும்புகிறோம். இதைச் சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. அவ்வாறு ஒதுக்குவது முறையன்று என்பது நம் கருத்து. அந்தக் கண்ணாடிப் பேழைக்குள் எந்த நாட்டுக் கப்பல் நிற்கிறது, எந்த நாட்டுக் கப்பல் நிற்கவில்லை என்று கேட்கத் தொடங்கினால், விஷயம் விளையாட்டைத் தாண்டிச் சரித்திரத்துக்குள் சென்றுவிடுகிறது.

முதலில் பொருளின் தன்மையைச் சற்றே விளக்கிவிடுவோம். கடைக்காரர்கள் 'கிட்' என்று கூறும் அட்டைப் பெட்டியை வாங்கிப் பிரித்தால், உள்ளே கப்பல் இராது. மெல்லிய பிளாஸ்டிக் சட்டங்களில், கிளையில் காய் தொங்குவதுபோல, நூற்றுக்கணக்கான சிறு உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் நறுக்கியெடுத்து, பிசிறு தேய்த்து, குறிப்பேட்டில் கண்ட எண் வரிசைப்படி ஒட்டவேண்டும். பிளாஸ்டிக் என்று நாம் பொதுவாகக் கூறினாலும் இது பாலிஸ்டைரீன் என்னும் ஒரு வகை. இதற்குரிய பசை உண்மையில் பசையன்று. அது இரு பரப்புகளையும் சிறிதளவு கரைத்து, ஒன்றுக்குள் ஒன்று கலந்து இறுகச் செய்கிறது. ஆகவே ஒருமுறை ஒட்டியதைப் பிரிப்பது அரிது. அதன் ஆவி தலையைச் சுற்றும். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்யவேண்டும்.

இத்தகைய கப்பல்கள் பரவலாயினது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. பிரிட்டனில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1952ஆம் ஆண்டில், பதினாறாம் நூற்றாண்டு மாலுமி டிரேக்கின் 'கோல்டன் ஹைண்ட்' என்னும் கப்பலைச் சிறு உருவில் அச்சிட்டு மலிவு விலைக்கு விற்றது. அமெரிக்காவின் ரெவெல் நிறுவனம் 'கான்ஸ்டிட்யூஷன்' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலை 1965ஆம் ஆண்டில் பெரிய அளவில் வெளியிட்டது. பிரான்சின் ஹெல்லர் நிறுவனமோ நெல்சனின் 'விக்டரி' கப்பலை 2,000க்கும் மேற்பட்ட உறுப்புகளாகப் பிரித்துப் பெட்டியிலிட்டது. இன்றும் இத்துறையில் கைதேர்ந்தவர்கள் தம் திறமையைச் சோதித்துக்கொள்வது அந்தப் பெட்டியோடுதான்.

ரெவெல் நிறுவனத்தின் அந்தப் பெரிய கப்பலின் அளவு 96இல் ஒரு பங்கு. இந்த 96 என்னும் எண் எங்கிருந்து வந்தது? அடி, அங்குலக் கணக்கில் சிந்தித்த தச்சர்களின் மரபு அது. ஓர் அடியை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் 96 வந்துவிடுகிறது. பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல் வரைபடங்கள் பெரும்பாலும் அதற்கு இருமடங்கான அளவில், அதாவது ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில் வரையப்பட்டன. பழைய வரைபடத்தைச் சரிபாதியாகக் குறைத்தால் மாதிரியின் அளவு கிடைக்கிறது. நேயர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பிளாஸ்டிக் கப்பலின் பிறப்பிடம் தொழிற்சாலை அன்று, வரைபடமே என்பது இதிலிருந்து விளங்கும். வரைபடம் இருந்தால் உருக்கு அச்சு வெட்டலாம். அச்சு இருந்தால் உருகிய பிளாஸ்டிக்கை அதனுள் அழுத்தி ஆயிரம் கப்பல்கள் எடுக்கலாம். வரைபடம் இல்லாத கப்பல் பெட்டிக்குள் வருவதில்லை.

இனி, வேலை நடக்கும் மேசைக்கு வருவோம். அடிப்பகுதியின் இரு பாதிகளையும் பொருத்துவது ஓரிரு மாலைகளில் முடிந்துவிடும். தளங்களை அடுக்கி, பீரங்கிகளை அவற்றின் வண்டிகளில் ஏற்றி, துளைகளின் மூடிகளை ஒட்டுவதற்கு வாரக்கணக்காகும். ஆனால், பொறுமையை உண்மையில் சோதிப்பது கயிற்று வேலை. விக்டரி கப்பலில் ஏறத்தாழ 26 மைல் நீளக் கயிறு இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பாய்மரங்களை நிலைநிறுத்தும் கயிறுகள் அசையாதவை. கீல் பூசிய அவை கருநிறம். பாய்களையும் பருமல்களையும் இயக்கும் கயிறுகள் ஓடுபவை. அவை சணலின் இளம்பழுப்பு நிறம். இந்த வேறுபாட்டை அறியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு நூலைக் கட்டிய மாதிரிகளை நாம் எத்தனையோ பார்த்திருக்கிறோம். உண்மைக் கப்பலில் ஓரங்குலப் பருமனுள்ள கயிறு, 96இல் ஒரு பங்கில், மெல்லிய தையல் நூலாகிவிடுகிறது. அந்த நூலைக் கொண்டு நூலேணிகளுக்கு நூற்றுக்கணக்கான முடிச்சுகள் போடவேண்டும். இரவில் கண் வலிக்கும். முடித்தவர் அடுத்த கப்பல் வேண்டாம் என்று சபதம் செய்வதும், மாதம் ஒன்று கழிந்ததும் புதுப்பெட்டி வாங்கிவருவதும் வழக்கம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இக்கயிறுகளில் வேறொரு கவர்ச்சியும் உண்டு. குறிப்பேடுகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கின்றன. கப்பலுறுப்புகளுக்குத் தமிழில் சொல் உண்டா என்று நம்மைக் கேட்ட நண்பர்கள், இல்லையென்ற விடையையே எதிர்பார்த்தார்கள். நம் அகராதிகளைப் புரட்டினால், கப்பலின் அடிமரத்துக்கு ஏரா, விலா எலும்புபோல் நிற்கும் வளைமரங்களுக்கு வங்கு, முன்பகுதிக்கு அணியம், பாயைத் தாங்கும் குறுக்குமரத்துக்குப் பருமல், பாயை உயர்த்தும் கயிற்றுக்கு ஆஞ்சான், பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் கயிற்றுக்குத் தாமான் என்று சொற்கள் வரிசையாக நிற்கின்றன. நம் கரையோரத்து மக்கள் ஆண்ட சொற்கள் இவை. அலுவலகங்களில் அமர்ந்து புதுச்சொல் படைக்கும் நம்மைப் போன்றோர், கடற்கரைக்குச் சென்று பழஞ்சொல் கேட்பதே மேல்.

புனேயின் பருவகாலமும் இவ்வேலையில் குறுக்கிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். அப்போது சில வகை வண்ணங்களைத் தெளித்தால் வெண்மூட்டம் படிந்து பொலிவு கெடும். பருத்தி நூல் ஈரத்தில் இறுகியும் வறட்சியில் தளர்ந்தும் மெல்லிய பருமல்களை வளைத்துவிடும். நூலைத் தேன்மெழுகில் இழுத்தெடுப்பது இதற்குப் பழைய மருந்து. மழைக்காலத்தில் ஒட்டுவேலையும், தீபாவளிக்குப் பின் வண்ணமும் என்று வகுத்துக்கொள்வோரே அறிவாளிகள்.

வண்ணத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு செய்தி. பிரிட்டனின் போர்ட்ஸ்மத் நகரில் 1922 முதல் உலர்துறையில் நிற்கும் விக்டரி கப்பலின் பக்கங்களைக் கறுப்பும் அடர்மஞ்சளுமாகவே உலகம் அறிந்திருந்தது. பெட்டிகளின் மேலட்டையும் அவ்வாறே தீட்டப்பட்டது. ஆனால், மரத்தின் மேல் படிந்திருந்த பழைய வண்ண அடுக்குகளை ஆய்ந்து, 1805ஆம் ஆண்டு டிரஃபால்கர் போரின்போது அந்த மஞ்சள் மிகவும் வெளிறியதாக, சற்றே இளஞ்சிவப்புச் சாயலோடு இருந்தது என்று கண்டார்கள். 2015ஆம் ஆண்டில் கப்பலுக்கு அந்த நிறமே பூசப்பட்டது. உலகெங்கும் கண்ணாடிப் பேழைகளில் இருந்த மஞ்சள் விக்டரிகள் ஒரே நாளில் பழையனவாகிவிட்டன. இத்தனை சான்றுகளும் மூலக்கப்பலுமே கைவசமிருந்தும் இந்நிலை. எனவே, சான்று குறைந்த கப்பல்களின் விஷயத்தில் எத்துணை எச்சரிக்கை வேண்டும் என்பதை நேயர்களே உய்த்துணரலாம்.

மேசைகளில் நாம் மிகுதியும் காணும் கப்பல்களில் ஒன்று அமெரிக்கக் கான்ஸ்டிட்யூஷன். 1797இல் நீரில் இறங்கிய அது இன்றும் பாஸ்டன் துறைமுகத்தில் இருக்கிறது. அக்கப்பல் 1812ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், பிரேசில் கரைக்கு அப்பால், 'ஜாவா' என்னும் பிரிட்டிஷ் பிரிகேட்டைப் போரில் வென்றது. சேதம் மிகுந்த ஜாவா பின்னர் கொளுத்தப்பட்டது. பெட்டியின் குறிப்பேடுகள் இவ்வெற்றியைப் பெருமையோடு கூறும். ஆனால் ஜாவா எங்கே சென்றுகொண்டிருந்தது, அதனுள் என்ன இருந்தது என்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது. அது பம்பாய்க்கு வந்துகொண்டிருந்தது. அங்கே உயர் இராணுவப் பதவியேற்க வந்த தளபதி ஹிஸ்லாப் அதில் பயணம் செய்தார். பம்பாயில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த கார்ன்வாலிஸ் என்னும் போர்க்கப்பலின் அடிப்பகுதியில் வேய்வதற்கான செப்புத் தகடுகள் இருந்தன. இன்னொரு புதிய பிரிகேட்டை அங்கே கட்டுவதற்கான வரைபடங்களும் இருந்தன. அவ்வரைபடங்கள் ஜாவாவோடு போயின. மறுபடி ஒரு தொகுதி வரைந்து அனுப்பவேண்டியதாயிற்று.

கட்டப்படவிருந்த அந்த பிரிகேட்டின் பெயர் என்ன தெரியுமா? 'டிரிங்கோமலி'. நம் திருகோணமலைதான். திருக்கோணேச்சரத்தின் ஊர்ப்பெயர், ஆங்கில நாவில் உருண்டு, ஒரு போர்க்கப்பலின் பின்புறத்தில் பொறிக்கப்பட்டது.

அக்கப்பலைக் கட்டியவர்கள் பம்பாயின் வாடியா குடும்பத்தினர். லவ்ஜி நசர்வான்ஜி வாடியா என்னும் பார்சி தச்சர் 1736ஆம் ஆண்டில் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்து தொடங்கிய தொழில் அது. அவர் வழிவந்த ஜம்ஷெட்ஜி பமான்ஜி காலத்தில், 1810ஆம் ஆண்டில், 74 பீரங்கிகள் தாங்கும் மிண்டன் என்னும் பெருங்கப்பல் பம்பாயில் நீரிறங்கியது. கார்ன்வாலிஸ் 1813இல் இறங்கியது. சீனாவை வீழ்த்திய நான்கிங் உடன்படிக்கை 1842இல் கையெழுத்தானது அதன் தளத்திலேதான். 1815இல் இறங்கிய வெல்லெஸ்லி, 1940ஆம் ஆண்டில் தேம்ஸ் ஆற்றில் ஜெர்மானிய விமானக் குண்டுக்கு இரையாகும் வரை உயிரோடிருந்தது. 1824இல் இறங்கிய ஏஷியா, 1827ஆம் ஆண்டு நவரினோ கடற்போரில் தளபதியின் கொடிக்கப்பலாயிற்று. இவையெல்லாம் மலபார்த் தேக்கு. ஐரோப்பிய ஓக்கு மரம் விரைவில் உளுத்துப்போகும் இடத்தில், எண்ணெய்ப் பசை கொண்ட நம் தேக்கு நூறாண்டுகள் நின்றது.

டிரிங்கோமலியின் ஏரா 1816ஆம் ஆண்டில் இடப்பட்டது. பார்சி வழக்கப்படி தலைமைத் தச்சர் அதில் ஒரு வெள்ளி ஆணி அறைந்தார். 1817ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் கப்பல் நீரிறங்கியது. நாட்களை எண்ணிப் பாருங்கள். அதற்குச் சரியாக 24 நாட்களுக்குப் பின், நவம்பர் 5ஆம் நாள், புனே நகரையடுத்த கட்கியில் ஆங்கிலேயர் படை பேஷ்வாவின் படையை முறியடித்தது. சில நாட்களில் புனே வீழ்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் 21இல் மஹித்பூரில் ஹோல்கரின் படையை வென்றவர் யாரென்று பார்த்தால், ஜாவாவில் அமெரிக்கரிடம் சிறைப்பட்டு விடுதலையான அதே ஹிஸ்லாப். அப்போது அவர் சென்னைப் படையின் தலைவர். இந்நகரத்துச் சரித்திரத்தைக் கோட்டைகளிலும் குதிரைகளிலும் மட்டுமே தேடுவோர், அதே திங்களில் பம்பாய்த் துறையில் நின்ற தேக்குக் கப்பலையும் சேர்த்து எண்ணவேண்டும்.

டிரிங்கோமலி அழியவில்லை. 1819இல் இங்கிலாந்து சேர்ந்து, பிற்பாடு அளவு குறைக்கப்பட்டு, பசிபிக் கடலில் உலாவி, பயிற்சிக் கப்பலாகிப் பெயர் மாறி, 1987இல் ஹார்ட்டில்பூல் நகருக்குக் கொண்டுவரப்பட்டு, 2001ஆம் ஆண்டில் பழைய உருவுக்கே மீட்கப்பட்டது. நீரில் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் அதுவே மிகப் பழமையானது. பம்பாய்த் தச்சரின் கைவேலை இன்றும் அங்கே கண்கூடு. அவ்வகைக் கப்பல்களின் வரைபடங்கள் கிரீனிச்சிலுள்ள கடல்சார் காட்சிசாலையில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. இத்தனையும் இருந்தும், டிரிங்கோமலியைப் புனேயின் எந்த மேசையிலும் நாம் இதுவரை கண்டதில்லை. விக்டரி உண்டு, கான்ஸ்டிட்யூஷன் உண்டு. பம்பாயில் பிறந்து திருகோணமலைப் பெயர் தாங்கிய கப்பல் இல்லை.

இக்குறைக்குப் பரிகாரம் கைக்கெட்டாத ஒன்றன்று. பெட்டியை நம்பாமல், வெற்றுப் பிளாஸ்டிக் தகட்டிலிருந்தே கப்பல் கட்டும் முறை ஒன்று உண்டு. இரண்டு மில்லிமீட்டர்த் தகட்டில் ஏராவின் பக்கத் தோற்றத்தை வெட்டிக்கொள்வது. வரைபடத்தில் கண்ட குறுக்குவெட்டுகளை அதன் மேல் வரிசையாக நிறுத்துவது. மெல்லிய கீற்றுகளைப் பலகைபோல் அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு வருவது. உண்மைத் தச்சர் செய்ததும் ஏறக்குறைய இதுவே. டிரிங்கோமலியின் பீரங்கித் தளம் சுமார் 150 அடி நீளம். 96இல் ஒரு பங்கில் அது பதினெட்டே முக்கால் அங்குலம். புத்தக அலமாரியின் ஒரு தட்டில் அடங்கிவிடும். பதினெட்டு ராத்தல் குண்டு வீசும் 28 பீரங்கிகள் அத்தளத்தில் வேண்டும். பிளாஸ்டிக் கம்பியைச் சீவி அவற்றைச் செய்துகொள்ளலாம். காலம் பிடிக்கும், பணம் அவ்வளவாகப் பிடிக்காது.

இனிமேல்தான் கடினமான பகுதி. இவ்வூரார் தம் மேசையில் காண விரும்பக்கூடிய கப்பல் பம்பாயில் கட்டிய ஆங்கிலக் கப்பலன்று; மராட்டியரின் கப்பல். சிவாஜி மகாராஜா கொங்கணக் கரையில் கடற்படை அமைத்ததும், 1664இல் சிந்துதுர்க்கக் கோட்டை தொடங்கப்பட்டதும், 1729இல் மறைந்த கான்ஹோஜி ஆங்கிரே ஐரோப்பியக் கம்பெனிகளைக் கலங்கவைத்ததும் பள்ளிப் பிள்ளைகள் அறிந்தவை. 2022ஆம் ஆண்டு முதல் இந்தியக் கடற்படையின் கொடியிலேயே சிவாஜியின் முத்திரையைத் தழுவிய எண்கோணம் இடம்பெற்றிருக்கிறது. 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்ற பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் சிந்துதுர்க்கம், விஜயதுர்க்கம், சுவர்ணதுர்க்கம், கண்டேரி ஆகிய கடற்கோட்டைகள் உண்டு. நம் செஞ்சியும் அப்பட்டியலில் இருப்பது தமிழ் நேயர்களுக்கு மகிழ்ச்சி தரும். கோட்டைகள் நிற்கின்றன. அவற்றிலிருந்து புறப்பட்ட கப்பல்களில் ஒன்றுகூட இல்லை. அவற்றின் வரைபடமும் இல்லை.

ஏன் இல்லை என்பதில் புனேக்கே ஒரு பங்குண்டு. இதை இந்நகரத்தில் இருந்துகொண்டு சொல்வது சற்றுச் சங்கடம். ஆயினும் சரித்திரம் அது. கான்ஹோஜியின் மகன் துளாஜி ஆங்கிரே, புனேயிலிருந்து ஆண்ட பேஷ்வா பாலாஜி பாஜிராவுக்குக் கட்டுப்பட மறுத்தார். 1755ஆம் ஆண்டில் பேஷ்வாவின் அரசு பம்பாய் ஆங்கிலேயரோடு உடன்பாடு செய்துகொண்டது. அவ்வாண்டே சுவர்ணதுர்க்கம் வீழ்ந்தது. 1756 பிப்ரவரியில் தளபதி வாட்சனின் கப்பல்கள் விஜயதுர்க்கத்துக்கு வந்தன. தரைப்படைக்குத் தலைவர் கிளைவ். ஆங்கிலேயரிடமிருந்து துளாஜி முன்பு பிடித்து வைத்திருந்த ஒரு கப்பலின் மீது குண்டு விழுந்து தீப்பற்றியது. கப்பல்கள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு நெருங்கி நின்றிருந்தமையால், மாலைக்குள் ஆங்கிரேயின் கடற்படை முழுவதும் எரிந்து தீர்ந்தது. பிற்காலத்தில் ஆனந்தராவ் துலப்பின் தலைமையில் பேஷ்வாக்கள் ஒரு கடற்படை வைத்திருந்தது மெய்தான். ஆங்கிரேயின் வலிமை மட்டும் மீளவில்லை. உள்நாட்டுப் பிணக்கைத் தீர்க்க அயலாரின் பீரங்கியை அழைத்ததற்கு என்ன விலை என்பதை, மறு ஆண்டு கிளைவ் பிளாசியில் நின்றபோது காணமுடிந்தது.

அக்கப்பல்கள் எவ்வாறு இருந்தன என்பதற்கு மிக விரிவான எழுத்துச் சான்றுகளில் ஒன்று எதிரித் தரப்பிலிருந்து கிடைக்கிறது. அஞ்சுதெங்கில் பிறந்து, சென்னைக் கோட்டையின் ஆலோசனைச் சபையில் இருந்த இராபர்ட் ஓர்ம் என்னும் சரித்திராசிரியர் அதை எழுதி வைத்தார். குராப் என்னும் கப்பலுக்குப் பெரும்பாலும் இரண்டு பாய்மரம், சிலவற்றுக்கு மூன்று. மூன்று பாய்மரத்தவை சுமார் 300 டன், இரண்டு பாய்மரத்தவை 150 டன்னுக்கு மேற்படாதவை. நீளத்தை நோக்க அகலம் அதிகம், ஆழம் குறைவு. ஆகவே பெரிய கப்பல்கள் நுழைய அஞ்சும் ஓடைகளிலும் அவை ஒதுங்க முடிந்தது. அணியம் மேனாட்டுக் கப்பலைப்போல் உருண்டிராமல், மூக்குப்போல் நீண்டு கூர்ந்திருக்கும். அம்மூக்கின் மேல்தளத்துக்குப் பக்கச் சுவர் கிடையாது. எதிரலை ஏறி அடித்தால் தண்ணீர் தடையின்றி வழிந்தோட வேண்டும் என்பது காரணம். அதற்குப் பின்னால் ஒரு குறுக்குத் தடுப்பு. அதன் துளைகள் வழியாக இரண்டு பெரிய பீரங்கிகள் மூக்கின் மேலாக முன்னோக்கிச் சுடும். துரத்திச் செல்லும் வேட்டைக் கப்பலுக்கு உரிய அமைப்பு இது. பக்கவாட்டில் அணிவகுத்துச் சுடும் விக்டரியின் தத்துவமே வேறு. கல்பத் என்பது இதனினும் சிறியது. அதிகமாக 70 டன். நாற்பது ஐம்பது துடுப்புகள். பெரிய முக்கோணப் பாய் ஒன்று. காற்று விழுந்து பெருங்கப்பல்கள் அசையாது நிற்கும் வேளையில், கல்பத்துகள் துடுப்பு வலித்து குராப்புகளை இழுத்துச் சென்று, எதிரியின் பின்புறத்தில் நிறுத்திவிடும்.

இவ்வளவு தெரிந்தும் ஒரு கப்பல் கட்டுவதற்கு இது போதாது. குறுக்குவெட்டின் வளைவு எப்படி? பின்பகுதியின் அலங்காரம் என்ன? பாய்மரம் எத்தனை அடி? சொற்களைக் கொண்டு இவற்றை வரைய முடியாது. சான்றுக்கு வேறு வாயில்கள் இல்லாமலில்லை. விஜயதுர்க்கத்தை அடுத்த ஓடையில், பாறையைக் குடைந்தமைத்த மராட்டியர் காலக் கப்பல் துறை ஒன்று இருக்கிறது. அதன் வாயிலின் அகலம், உள்ளே நுழைந்த கப்பலின் அகலத்துக்கு எல்லை கூறும். புனேயிலேயே பேஷ்வா தஃப்தர் என்னும் ஆவணக்களஞ்சியம் மோடி எழுத்தில் எழுதிய காகிதக் கட்டுகளோடு நிற்கிறது. 1930களில் சர்தேசாயி அதிலிருந்து தேர்ந்து வெளியிட்டவை மட்டும் 45 தொகுதிகள். 1910இல் நிறுவப்பட்ட பாரத இதிஹாஸ சம்ஷோதக மண்டலம் இவ்வூரிலேயே இயங்குகிறது. மரம் வாங்கியதற்கும், கயிறு வாங்கியதற்கும், தச்சருக்குக் கூலி கொடுத்ததற்கும் கணக்கெழுதுவது எல்லா அரசாங்கங்களின் வழக்கம். அரசாங்கக் காகிதங்களிலேயே வாழ்நாளைக் கழிக்கும் நாம் இதை உறுதியாகக் கூறுவோம். எத்தனை முழம் பாய்த்துணி என்ற ஒரு வரி, பாய்மரத்தின் உயரத்தைக் கூறிவிடக்கூடும். மோடி எழுத்துப் படிக்கக்கூடிய ஒருவரும், மாதிரிக் கப்பல் கட்டக்கூடிய ஒருவரும் ஒரே மேசையில் அமர்ந்தால் பயன் விளையும்.

வரைபடமின்றிக் கப்பல் கட்ட இயலுமா என்று ஐயுறுவோருக்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று உண்டு. அஜந்தா ஓவியத்திற் கண்ட, ஐந்தாம் நூற்றாண்டைச் சார்ந்த கப்பலொன்றைப் பின்பற்றி, பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்து, 'கௌண்டின்யா' என்னும் பாய்க்கப்பலை நம் கடற்படை கட்டுவித்தது. கேரளத் தச்சர்கள் தைத்தார்கள். வரைபடம் இல்லாததால், ஓவியத்திலிருந்து உருவை ஊகித்து, சென்னை ஐ.ஐ.டி.யின் கடற்பொறியியல் துறையின் துணையோடு சிறு மாதிரியை நீரில் சோதித்த பின்னரே பெருங்கப்பல் கட்டப்பட்டது. 2025 மே மாதத்தில் கார்வாரில் அது கடற்படையில் சேர்ந்தது. சிறு மாதிரி அங்கே அலங்காரப் பொருளாக இருக்கவில்லை. ஊகம் சரிதானா என்று தண்ணீரிடம் கேட்கும் கேள்வியாக இருந்தது.

ஆனால், கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் மாதிரியைத் தண்ணீர் சோதிப்பதில்லை. இங்கேதான் அபாயம். ஒருவர் தம் மனம்போன போக்கில் குராப் ஒன்றைக் கட்டி, சிங்கமுகம் வைத்து, காவிக்கொடி ஏற்றி, மூன்றடுக்குப் பீரங்கியும் பொருத்திவிட்டால், பார்ப்பவர் அதையே உண்மையென்று கொள்வர். படம் பிடிப்பர். பத்தாண்டுகளில் அப்படம் ஒரு பாடநூலில் ஏறும். அதைப் பார்த்து இன்னொருவர் கட்டுவார். பொய்யான மூலத்திலிருந்து பிறந்த மொழிபெயர்ப்பு மறு மொழிபெயர்ப்புக்கு மூலமாவதை நாம் நம் தொழிலில் கண்டிருக்கிறோம். அதைத் திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவது எளிது. ஆங்கிரேயின் கப்பல் எரிந்துபோனது ஒரு நட்டம். இல்லாத கப்பலொன்று அதன் இடத்தில் அமர்ந்துவிடுவது இரண்டாவது நட்டம்.

ஆகவே நாம் ஒரு யோசனை கூறுவோம். குராப்பை இப்போதைக்கு விட்டுவிட்டு, சிறிய கல்பத்திலிருந்து தொடங்கலாம். கயிறு குறைவு, பீரங்கியும் சிறிது, துடுப்புகளே வேலை வாங்கும். பிளாஸ்டிக் தகடு இயல்பில் வெண்ணிறம். சான்றுள்ள பகுதிகளுக்கு மட்டும் வண்ணம் தீட்டி, ஊகித்த பகுதிகளை வெண்மையாகவே விட்டுவிட வேண்டும். பீடத்தில் ஒட்டும் சிறு அட்டையில், எந்த அளவு ஓர்மிடமிருந்து வந்தது, எது கப்பல் துறையின் கல்லிலிருந்து வந்தது என்று இரண்டு வரி எழுதலாம். புதிய காகிதம் ஏதேனும் தஃப்தரில் கிடைக்குந்தோறும் வெண்மை ஒரு விரலளவு குறையும். முதல் கப்பலில் கூரிய மூக்கும், திறந்த முன்தளமும், துடுப்பு வரிசையும், முக்கோணப் பாயும் தேக்கு நிறத்தில் விளங்க, பின்பகுதி பெரும்பாலும் வெள்ளையாகவே நிற்கும். விருந்தினர் கண்ணாடியருகில் குனிந்து, அப்பகுதி ஏன் பூசப்படவில்லை என்று கேட்பார்கள். வீட்டுக்குரியவர் 1756இல் தொடங்கி விடை கூறலாம்.